641 வகுக்கும் பத்து இலக்க எண்

4294967297. நம் வழக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதை 3, 5, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் மீதி வரும். எதனாலும் வகுபடாத பகா எண் என்றே தோன்றும். ஆனால் இது 641 × 6700417.

இந்த எண் பிறந்த விதம் எளியது. 2-இல் தொடங்கி வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536 என்று வரும். ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். பிரான்சின் கணிதவியலாளர் பியர் தெ ஃபெர்மா 1640 வாக்கில் இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று நம்பினார். அடுத்தது 65536-இன் வர்க்கத்துடன் 1. அதுதான் நம் எண். நம்பிக்கை அங்கேயே முறிந்தது. 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் 641 என்ற காரணியைக் காட்டினார்.

இந்த எண் பகு எண் என்றால் அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536-க்குள் இருக்க வேண்டும். அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் கையால் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆனால் இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும் என்று ஆய்லர் நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

வகுக்காமலும் இதை உறுதி செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 641 என்பது 625 + 16. அதாவது 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 640⁴ + 2³² வரும், ஏனென்றால் 640 = 5 × 2⁷. ஆகவே இந்தக் கூட்டுத்தொகை 641-ஆல் வகுபடும். இன்னொரு பக்கம், 640⁴ − 1 = (640 + 1)(640 − 1)(640² + 1). இதுவும் 641-ஆல் வகுபடும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1. நம் எண்ணேதான்! பள்ளி இயற்கணிதத்துக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. ஓர் எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுத முடிந்தால் அது பகா எண்ணாக இருக்கவே முடியாது. நம் எண் 65536² + 1². அதுவே 62264² + 20449²-ம்கூட. காரணி எது என்று தெரியாவிட்டாலும், காரணி உண்டு என்பதற்கு இதுவே போதும்.

ஃபெர்மாவின் வரிசையில் இதற்கடுத்து வரும் 27 எண்களும் பகா எண்கள் அல்ல என்று இதுவரை தெரியவந்துள்ளது. 65537-க்குப் பிறகு இன்னொரு பகா எண் அந்த வரிசையில் உண்டா என்பது இன்றும் திறந்த கேள்வி.