கோச் சொன்னார் என்று ஊசியை நிறுத்தாதீர்கள்

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், வேலையும் குடும்பமுமாக ஓடும் காலத்தில் வருகிறது. மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. காலை பத்து மணிக்கே துவண்டு உட்காரும் மருமகளுக்கு வீட்டில் கிடைக்கும் பட்டம் 'சோம்பேறி'.

இவர்களுக்கு அன்றாடத்தைச் சமாளிக்கக் கற்றுத்தரும் 'கோச்'கள் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறார்கள். நல்ல பயிற்சிக்குப் பலன் உண்டு. உடல் சூடேறினால் எம்.எஸ். தொந்தரவுகள் தற்காலிகமாகக் கூடும். ஸ்கேன் வராத காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே எம்.எஸ். இருக்கிறதா என்று டாக்டர்கள் சோதித்ததுண்டு. சித்திரை வெயில் ஏறும் முன்பே ரேஷன் கடைக்குப் போய்வருவது, அடுப்படியில் ஸ்டூல் போட்டுக் காய் நறுக்குவது, மாலையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லத் தெம்பை மிச்சம் பிடிப்பது எல்லாம் பழகினால் வரும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் இதற்கென்றே படித்தவர்கள். அவர்களை முறைப்படுத்த 2021-இல் சட்டமும் வந்தது. ஆனால் 'கோச்' என்று போர்டு மாட்ட எந்தப் படிப்பும் வேண்டாம்.

ஆகவே, "ஊசியை நிறுத்துங்கள், டயட்டிலேயே குணமாக்குகிறேன்" என்பவரிடம் ஒரு நாளும் இருக்காதீர்கள். எம்.எஸ்.ஸை அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. இருக்கும் ஊசிகளும் மருந்துகளும் அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைப்பவை. சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் மூர்க்கமாகத் திரும்பும். புதிதாகப் பார்வை மங்கினாலோ கால் மரத்தாலோ, அது ஒரு நாளைத் தாண்டினால் நரம்பியல் டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும். நரம்பு மண்டல நோயைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பணம் கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

வேலை விஷயத்தில் துணை, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 21 குறைபாடுகளில் எம்.எஸ். பெயரோடு இருக்கிறது (வேலை இடஒதுக்கீட்டுப் பிரிவில் மட்டும் அந்தப் பெயரைக் காணோம், பெரிய ஓட்டை). பணியில் இருக்கையில் குறைபாடு வந்ததற்காக அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி. நேர மாற்றமோ கழிப்பறைக்கு அருகில் இருக்கையோ வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

பெரும்பாலான சலுகைகளுக்கு குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று தேவை. அதற்காக மெடிக்கல் போர்டு முன் நிற்கும் நாளில் கால் நன்றாகவே நடந்து தொலைக்கலாம். அதனால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் அத்தனையும் கையில் இருக்கட்டும்.