நாலில் ஒன்று பழுதானால்

வடசென்னையில் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரையிலும், அங்கிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையோடு திருவொற்றியூர் வரையிலும் மோட்டார் காரில் பிரயாணம் செய்கிறவர்கள், வண்டியின் யந்திரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடலாமே ஒழிய, அதன் டயர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி இரவு பகலென்று பாராமல் ஊர்ந்துகொண்டிருக்கும் கண்டெய்னர் லாரிகளிலிருந்து உதிரும் நட்டும் போல்ட்டும், பழைய இரும்பு ஏற்றிப் போகும் வண்டிகள் சிந்திவிட்டுச் செல்லும் கம்பித் துண்டுகளும், அத்தனை பாரத்தையும் தாங்கமாட்டாமல் ஓரம் உடைந்துபோன தார்ச் சாலையும், ஐப்பசி மழையில் தண்ணீர் மூடிக்கொண்டு ஆழமே தெரியாமல் கிடக்கும் பள்ளங்களும் சேர்ந்து, இந்தப் பிரதேசத்துப் பஞ்சர் கடைகளுக்கு வருஷம் முழுவதும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

லாரிக்காரருக்கு இது அன்றாட விஷயம். சொந்தக் கார் வைத்திருக்கும் குடும்பஸ்தருக்கோ, நாலு டயரில் ஒன்று மட்டும் திடீரென்று பாழாகிவிட்டால் ஒரு தர்மசங்கடம் உண்டாகிறது: ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, ஜோடியாக மாற்ற வேண்டுமா, நாலையும் கழற்றி எறிய வேண்டுமா? பழுதானது ஒன்றுதானே, மற்ற மூன்றும் என்ன பாவம் செய்தன என்று சிக்கன புத்தி கேட்கிறது. "ஒண்ணு மட்டும் புச்சா போட்டா வண்டி ஒரு பக்கமா இஸ்துக்கும் சார், ஜோடியா போட்டுக்கினா தொந்தரவு கெடையாது" என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துவிடுவது சுலபம். ஆனால் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது; எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதற்கு மற்ற மூன்று டயர்களையும் குனிந்து பார்க்க வேண்டும்.

டயரைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஸ்தலம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்லலாம். கல்மண்டபத்துக்கு வடக்கே சில மைல் தூரத்திலுள்ள திருவொற்றியூரில், 1946-ஆம் வருஷம், கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் ஊதி விளையாடும் ரப்பர் பலூன்களைச் செய்யத் தொடங்கினார். 1952-இல் அவர், தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டும் ரப்பரைத் தயாரிப்பதில் இறங்கினார். அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்து மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன், 1961-இல் திருவொற்றியூரிலேயே முதல் டயர் வெளிவந்தது. மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்ற அந்த ஸ்தாபனத்தைத்தான் இன்று எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்தில் தேசமெங்கும் அறிந்திருக்கிறார்கள். பலூனுக்கும் டயருக்கும் ரப்பரும் காற்றும் பொது. ஆனால் டயருக்குள் இருக்கும் மற்றவை எவை என்று தெரிந்தால்தான், எந்தக் காயம் ஆறும், எது ஆறாது என்று நிர்ணயிக்க முடியும்.

வெளிப்பார்வைக்கு ஒரே கறுப்பு ரப்பராகத் தோன்றும் டயர், உண்மையில் பல அடுக்குகளால் ஆனது. ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையங்கள் இருக்கின்றன. அந்த விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரையில், சக்கரத்தின் மையத்திலிருந்து புறப்படும் ஆரங்களைப் போன்ற திசையில், பாலியெஸ்டர் நூல்கள் நெருக்கமாக ஓடுகின்றன. 1946-இல் பிரான்சு தேசத்து மிஷெலின் கம்பெனி காப்புரிமை பெற்ற இந்த அமைப்புக்குத்தான் ரேடியல் என்று பெயர். தரையில் படும் பாகத்தில் மட்டும் அந்த நூல்களின் மேல் எஃகுக் கம்பியாலான பட்டைகள் சுற்றப்பட்டு, அவற்றின் மேல்தான் கடைக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் கெட்டியான ரப்பர்க் கட்டிகளும் பள்ளங்களும் அமைகின்றன. பக்கச் சுவரில் எஃகுப் பட்டை கிடையாது. நூலும் மெல்லிய ரப்பருமே உண்டு. ஆகையால் சாலையின் குலுக்கலை வாங்கிக்கொண்டு வளைகிற வேலை முழுவதும் பக்கச் சுவரைச் சேர்ந்தது. நமது சிறிய கார்களில் சாதாரணமாகக் காணப்படும் அளவுள்ள டயர் ஒன்று கிலோமீட்டருக்குச் சுமார் 512 தடவை சுற்றுகிறது. பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் பக்கச் சுவரின் ஒவ்வொரு பாகமும் ஐயாயிரம் தடவைக்கு மேல் நசுங்கி நிமிர்ந்துவிடுகிறது. அங்கே ஒட்டுப் போட்டால் அது எத்தனை நாள் நிற்கும் என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

எனவே, பட்டன் இருக்கும் பாகத்தின் நடுவில் ஆணி குத்தியிருந்தால், துவாரம் சுமார் ஆறு மில்லிமீட்டருக்கு மேற்படாதவரை, பயமின்றிப் பஞ்சர் போட்டுக்கொள்ளலாம். வெளியிலிருந்து பிசின் தடவிய கயிற்றைச் செருகி அனுப்பிவிடுவது அவசரத்துக்கு ஆகும். டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து, உள்ளிருந்து ஒட்டும் முறையே நிலையானது. பக்கச் சுவரில் கிழிசல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. பள்ளத்தில் விழுந்த வேகத்தில் ரிம்முக்கும் சாலையின் விளிம்புக்கும் நடுவே சுவர் நசுங்கி, உள்ளேயுள்ள நூல்கள் அறுந்து, அந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளி எலுமிச்சம்பழம் அளவு வீக்கம் கண்டிருந்தால், அதுவும் போனதுதான். காற்று இறங்கவில்லையே, ஓடுகிறவரை ஓடட்டுமே என்று விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வெடிப்பதற்கென்றே காத்திருக்கும் டயர் அது.

இன்னொரு வகைச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. டியூப்லெஸ் டயரில் காற்று மெள்ள இறங்கியதைக் கவனியாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவந்துவிட்டால், துவாரம் மிகச் சிறியதாகவே இருந்தாலும், வண்டியின் பாரத்தில் பக்கச் சுவர் மடிந்து மடிந்து உட்புறம் அரைபட்டுப்போகிறது. டயரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கறுப்பு மாவு கொட்டுமானால் அது இதன் அடையாளம். பஞ்சர் போடக் கொடுத்த டயரைக் கடைக்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வேலைக்கு ஆவாது சார்" என்று உதட்டைப் பிதுக்கும்போது சண்டைக்குப் போகாமல், அந்த மாவைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

டயர் போய்விட்டது என்று தீர்மானமான பிறகுதான் ஒன்றா, இரண்டா என்ற கேள்வி வருகிறது. மேலே சொன்ன சாதாரண அளவை, 185/65 ஆர் 15 என்று டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவையே, எடுத்துக்கொள்வோம். அதில் 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் புதிய டயரின் மொத்தக் குறுக்களவு சுமார் 621 மில்லிமீட்டர் வருகிறது. அதே அச்சில் மறுபுறமிருக்கும் பழைய டயர் ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், அதன் குறுக்களவு பத்து மில்லிமீட்டர் குறைந்து 611 ஆகிவிடுகிறது. கிலோமீட்டருக்கு 512 சுற்றுக்குப் பதிலாக அது 520 சுற்றுச் சுற்றினால்தான் கூடவே வர முடியும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரமும் உட்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டியிருப்பதால், அதற்கென்றே டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. திருப்பத்தில் மட்டும் சிறிது நேரம் உழைக்க வேண்டிய அந்த யந்திரம், இப்போது நேர்ச் சாலையிலும் ஓய்வின்றி உழைக்கிறது. அது உடனே உடைந்துவிடாது என்பது வாஸ்தவம். ஆனால் வண்டி சிறிய சக்கரத்தின் பக்கமாகச் சாயப் பார்க்கும். ஈரச் சாலையில் பிரேக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி தரையைப் பிடிக்காது. சக்கரங்களின் சுற்றுகளை எண்ணிக் காற்றழுத்தத்தை ஊகிக்கும் நவீன வண்டிகளில், ஒரு டயரில் காற்று குறைவு என்று பொய்யான விளக்கு எரியலாம். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டிகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிய விபரீதம். அங்கே உற்பத்தியாளர் புத்தகத்தில் எழுதியிருப்பதே வேதவாக்கு.

லாரிக்காரர்களுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்த சங்கதி. லாரியின் பின்னச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டிரண்டாகச் சக்கரங்கள் ஒட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் அமைந்துவிட்டால், பெரியது பாரம் முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு சூடேறிக் கெட்டுப்போகும். சிறியது தரையைத் தேய்த்துக்கொண்டே தானும் தேய்ந்துபோகும். அதனால் அனுபவமுள்ள டிரைவர்கள் கையிருப்பிலுள்ள டயர்களை அளந்து பார்த்துச் சமமானவற்றையே ஜோடி சேர்க்கிறார்கள். கார் வைத்திருக்கும் கனவான்கள் துறைமுகத்து டிரைலர்க்காரரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அளப்பது எப்படி? டயரின் பெரிய பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடுகள் குறுக்காக இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேடுகளின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், சட்டப்படியும் அந்த டயரின் ஆயுள் முடிந்துவிட்டது. புதிய டயரில் பள்ளத்தின் ஆழம் ஏழு அல்லது எட்டு மில்லிமீட்டர் இருக்கும். ஒரே அச்சிலுள்ள இரண்டு டயர்களுக்குள் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். அதற்கு மேற்பட்டால் ஜோடியாக மாற்றுவதே உசிதம். வாங்கி ஒரு வருஷத்துக்குள் வீக்கம் கண்ட டயருக்கு இரண்டு டயர் விலை கொடுப்பது வீண் செலவு. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய மூன்றுடன் ஒரு புதியதைச் சேர்ப்பது வீண் சிக்கனம்.

அப்படி ஒன்றே போதும் என்றாலும், பழுதானது எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே புதியதைப் போட்டுவிடுவது சரியான முறையல்ல. நமது சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களே இழுப்புச் சக்கரங்களாதலால், முன் டயர்கள் சீக்கிரம் தேய்கின்றன. முன்னால் இரண்டும் மூன்று மில்லிமீட்டர், பின்னால் இரண்டும் ஐந்து மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் நிலையில் முன் இடது டயர் கிழிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எட்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள புதியதை அதே இடத்தில் மாட்டினால், முன்னச்சில் வித்தியாசம் ஐந்து ஆகிறது. அதையே பின்னச்சுக்குக் கொண்டுபோய், ஐந்து உள்ள ஒன்றோடு சேர்த்து, மற்ற ஐந்தை முன்னால் மூன்றுக்கு இணையாக வைத்தால், வித்தியாசம் பின்னால் மூன்று, முன்னால் இரண்டு என்று அடங்கிவிடுகிறது. ஜோடியாகவே வாங்கினாலும் புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும்.

புதியது முன்னால் இருந்தால்தானே நல்லது, ஸ்டியரிங்கும் இழுப்பும் அங்கேதானே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தோன்றும். கார்த்திகை மாதத்து அடைமழையில் கல்மண்டபம் சாலையில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும்போதும், அதைவிட எண்ணூர் நெடுஞ்சாலையில் மெல்லிய தகடாகத் தண்ணீர் படர்ந்திருக்க வண்டி வேகமாகப் போகும்போதும், தேய்ந்த டயரின் பள்ளங்களால் அந்தத் தண்ணீரை வெளியேற்ற முடியாமல், சக்கரம் தரையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. முன்சக்கரம் மிதந்தால் ஸ்டியரிங் இலேசாகிவிடுவதை ஓட்டுகிறவர் கையிலேயே உணர்ந்து, வேகத்தைக் குறைத்துக்கொள்ள அவகாசம் உண்டு. வண்டி நேராகவே போகும். பின்சக்கரம் மிதந்தால் எந்த முன்னறிவிப்பும் கிடையாது. வண்டியின் வால் சட்டென்று பக்கவாட்டில் வீசப்பட்டு, முகம் வந்த வழியைப் பார்த்துத் திரும்பிவிடும். அனுபவசாலிகளுக்கே சமாளிக்க முடியாத அந்த நிலை வராமலிருக்கத்தான் ஆழமான பட்டன்கள் பின்னால் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடலாகாது. வண்டி வாங்கிய நாளிலிருந்து பின்பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த டயர், மற்றவற்றின் அளவே உடையதாக இருந்தால், அதைச் சாலைக்கு இறக்கிவிட்டுப் புதிதாக வாங்கியதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் அதன் வயதைப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ஆம் வருஷத்து 35-ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். ஓடாமலே இருந்தாலும் காற்றும் வெப்பமும் பட்டு ரப்பர் இறுகி வெடிக்கும். பத்து வருஷத்துக்கு மேற்பட்டதை உபயோகிக்க வேண்டாம் என்பது டயர்க் கம்பெனிகள் பலவற்றின் அறிவுரை. புதிதென்று கடையில் கொடுப்பதிலும் இந்த இலக்கத்தையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்டெப்னியே ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. டியூப்லெஸ் டயரும், பஞ்சர் சாதனமும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் உள்ள சிறிய வண்டிகளுக்கு ஸ்டெப்னியே அவசியமில்லை என்று மத்திய சர்க்கார் 2020-இல் விதி செய்திருக்கிறது. பஞ்சர் சாதனத்தால் கிழிந்த பக்கச் சுவரை என்ன செய்ய முடியும் என்று கேட்டால் பதில் இல்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. வால்வைப் புதிதாகப் போட்டு, பாலன்சிங் செய்து, பள்ளத்தில் விழுந்து பழுதானதென்றால் ரிம் நெளிந்திருக்கிறதா என்றும் அலைன்மெண்டு சரியாயிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். நட்டுகளை ஒன்றையடுத்து ஒன்றாக வட்டமாக முடுக்காமல், எதிரெதிராக முடுக்க வேண்டும். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பதை பலத்தின் லக்ஷணமாகக் கருதும் பையன்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை நடுச்சாலையில் தனியே அவதிப்படப்போகிறவர் வண்டிக்காரர்தான். சுமார் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி ஒரு தடவை சோதித்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய டயரை, எதற்காவது உதவுமென்று வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதில் தேங்கும் மழைத் தண்ணீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் குடித்தனம் செய்யும். கடையிலேயே விட்டுவிட்டால், படகுகளின் விலாவில் கட்டித் தொங்கவிடக் காசிமேட்டு மீனவர்கள் அதை வாங்கிக்கொண்டு போவார்கள். புதிய டயரின் விலையில் கடைக்காரர் ஏதாவது கழித்துக் கொடுக்கவும் கூடும், கேட்டுப் பார்த்தால்.