தண்ணீரில் பிழைப்பு, மூக்கில் தொல்லை!

இடுப்பளவு தண்ணீர். அதில் ஒரு பெண். வாயில் ஓர் ஓலைப் பறி. அதைப் பல்லால் கவ்வியிருக்கிறார். இரண்டு கைகளும் அடிச் சேற்றைத் துழாவுகின்றன. விரலில் இறால் தட்டுப்பட்டதும் சட்டென்று பிடித்துப் பறியில் போடுகிறார். மறுபடியும் துழாவுகிறார்.

பழவேற்காடு, எண்ணூர் வட்டாரத்தில் இருளர் பெண்கள் இறால் பிடிக்கும் முறை இது. வலை கிடையாது. படகு கிடையாது. கைதான் வலை.

வாய் பறியைக் கவ்விவிட்டது. மூச்சு விட மூக்கு ஒன்றுதான் வழி. அந்த மூக்கே அடைத்துக்கொண்டால்? அன்றைய பிழைப்பில் மண் விழுந்தது!

தினமும் தண்ணீரில் மூழ்கி எழுகிற எவருக்கும் இந்தத் தொல்லை வரலாம். குப்பத்து மீனவருக்கும் வரலாம். பட்டணத்து நீச்சல் குளத்தில் பயிலும் மாணவிக்கும் வரலாம். தலை பாரம், கன்னத்தில் வலி, குனிந்தால் நெற்றியில் குத்தல், கெட்டிச் சளி, வாசனை தெரியாமை இவையே அடையாளங்கள். பாட்டிமார் "நீர்க்கோவை" என்பார்கள். சித்த வைத்தியர் "பீனிசம்" என்பார். "எனக்கு சைனஸ் இருக்கிறது" என்பது இன்றைய பேச்சு. உண்மையில் சைனஸ் நோயின் பெயர் அல்ல. அது எல்லோருக்கும் உண்டு!

கூரை அருகே வாசல்

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய அறைகள் இருக்கின்றன. அவையே சைனஸ். நெற்றியில் ஒரு ஜோடி, கன்னங்களில் ஒரு ஜோடி, கண்களுக்கு நடுவே ஒரு ஜோடி, அதற்கும் பின்னால் ஒரு ஜோடி. ஆக நான்கு ஜோடி.

கன்னத்து அறையில் ஒரு விசித்திரம். நம் வீட்டுச் சாக்கடை தரையோடு தரையாக இருக்கும். இந்த அறைக்கோ வாசல் கூரை அருகே இருக்கிறது! ஊறும் சளி தானாக வழிந்து ஓடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் அதை மேலே தள்ளித் தள்ளி வெளியேற்றுகின்றன. சளி பிடித்தால் வாசல் வீங்கி அடைபடும். உள்ளே தேங்கியது கெட்டுப்போகும். வலி வரும்.

ஏரியில் மூழ்கி வந்தவர் சில மணி நேரம் கழித்துக் குனிந்தால், மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டுவது உண்டு. அறைக்குள் புகுந்த நீர் அப்போதுதான் வழி கண்டுபிடித்திருக்கிறது!

ஏரி உப்பும் உடல் உப்பும்

நம் உடல் நீரில் 100 பங்குக்கு 0.9 பங்கு உப்பின் அளவு. கடல் நீரிலோ சுமார் 3.5 பங்கு. பழவேற்காடு ஏரி இரண்டுக்கும் கட்டுப்படாதது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு முதலிய ஆறுகள் வந்து விழும்போது உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் நீர் வற்றி, கடலைவிடவும் கரிக்கும். உப்பு மிகுந்தாலும் மூக்கின் உட்சவ்வு எரியும், குறைந்தாலும் எரியும். நீச்சல் குளத்தில் அந்த வேலையை குளோரின் செய்கிறது.

இதற்காகத் தண்ணீரையே விட வேண்டுமா? வேண்டியதில்லை. தலை நீருக்குள் போகும்போது மூக்கு வழியாக மெல்லக் காற்றை வெளியே விட வேண்டும். கால் முதலாகக் குதித்தால் தண்ணீர் வேகமாக மூக்கில் ஏறும். குதிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னாளில் பாரசீக வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் ஆமை ஓட்டாலோ கொம்பாலோ செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இன்று நீச்சல்காரர்களுக்கு அதே கவ்வி ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது. ஆனால் பறியை வாயில் கவ்வும் பெண்ணுக்கு அது உதவாது.

சளி பிடித்த நாட்களில் முழுகக் கூடாது என்பார் டாக்டர். சொல்வது எளிது. ஒரு நாள் இறங்காவிட்டால் ஒரு நாள் உலை இல்லை! இறங்கியே தீர வேண்டுமானால் தலை நனையாமல் வேலை செய்யலாம். பறியை இடுப்பில் கட்டிக்கொண்டால் வாயாலும் மூச்சு விடலாம்.

உப்பு நீரால் கழுவுதல்

செலவில்லாத சிகிச்சை ஒன்று உண்டு. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதித்த பின் ஆற வைக்க வேண்டும். அதில் தலை தட்டிய தேக்கரண்டி உப்பில் முக்கால் பங்கு கரைத்தால் ஏறக்குறைய உடலின் உப்பு அளவு வந்துவிடும். குனிந்து, தலையைச் சாய்த்து, ஒரு நாசியில் விட்டால் மறு நாசி வழியாக வெளியே வரும். வாயால் மூச்சு விட வேண்டும்.

கொதிக்க வைக்காத குழாய் நீரோ, கிணற்று நீரோ, குளத்து நீரோ கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் ஒருவகை அமீபா இருக்கக்கூடும். மூக்கு வழியே ஏறி மூளையைத் தாக்கும். குடித்தால் ஆபத்தில்லை, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. வருவது மிக அபூர்வம். வந்தால் பிழைப்பது அரிது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011-ல் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தனர். கேரளத்தில் 2024-ல் குளங்களில் குளித்த சிறுவர்களுக்கு இந்நோய் கண்டது. கடல் நீரில் இந்த அமீபா வாழ்வதில்லை.

ஆவி பிடித்தால் சற்று இதமாக இருக்கும். நோய் தீராது. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோன சம்பவங்கள் பல. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கும்! பெரும்பாலான சைனஸ் வீக்கம் வைரஸ் கிருமியால் வருவது. அதற்குக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் பயனில்லை.

பத்து நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஆண்டுக்கு நான்கு தடவை வந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம். உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். ஒவ்வாமை இருக்கலாம். மேல் கடைவாய்ச் சொத்தைப் பல்கூடக் காரணமாக இருப்பதுண்டு! பழவேற்காட்டு மக்கள் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். 2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள் இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, கடும் காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே புறப்பட வேண்டும்.