கொல்லைப்புறக் குளத்துக்கு லைட் போடப் போறீங்களா? அழகைப் பார்க்கும் முன்னாடி வோல்ட்டைப் பாருங்க!

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருந்தால் போதும், சின்னதா ஒரு குளம் கட்டி, நாலு அல்லிக்கொடி வைத்து, பத்து மீன் விட்டுவிடுகிறார்கள். அடுத்து வரும் ஆசை, ராத்திரியில் அது ஜொலிக்கணும் என்பதுதான். ஆன்லைனில் தேடினால் கலர் கலராக லைட் வந்து நிற்கிறது. ஆனால் இது தண்ணீருக்குள் கரண்ட் கொண்டுபோகும் வேலை. எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது? பார்க்கலாம்.

12 வோல்ட் ஏன் முக்கியம்?

நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். குளத்துக்குள் இறங்க வேண்டியது 12 வோல்ட் மட்டும்தான். நீச்சல் குளம், நீரூற்றுகளுக்கான சர்வதேச மின் பாதுகாப்பு விதிகளும், ஆள் இறங்கக்கூடிய தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கு இப்படிக் குறைந்த வோல்ட்டேஜைத்தான் சொல்கின்றன.

காரணம் எளிது. நனைந்த உடம்பில் மின்சாரம் சுலபமாகப் பாயும். சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த பிடியை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து.

"அதான் எம்.சி.பி இருக்கே, டிரிப் ஆகிடுமே" என்று பலர் நினைக்கிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மேலே சொன்ன 30 மில்லி ஆம்பியர் அதில் 500-ல் ஒரு பங்குகூட இல்லை. உடம்பில் கரண்ட் பாய்வது எம்.சி.பி-க்குத் தெரியவே தெரியாது. அது ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ரகமாக இருந்தால், அந்த அளவு கசிவுக்கே நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய எலக்ட்ரீஷியன்கள் இதை இ.எல்.சி.பி என்றுதான் சொல்வார்கள். உங்கள் வீட்டு போர்டில் 'டெஸ்ட்' பட்டனோடு ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்க. இல்லையென்றால், லைட்டுக்கு முன்னாடி வாங்க வேண்டியது அதைத்தான்.

ஏமாறும் இடம் எது?

மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் ரோப் லைட். பெரும்பாலானவை நேரடியாக 230 வோல்ட்டில் எரிபவை. மழைத் தூறல் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாலும், அது சுவருக்கும் மாடிக்கும்தான். தீபாவளி சீரியல் செட்டும் அப்படியே.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: மோட்டார். லைட்டை 12 வோல்ட்டில் பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பார்கள். அதே குளத்தில் நீரூற்றுக்குப் போட்ட குட்டி மோட்டாரோ 230 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஒயர் உரிந்தால், லைட்டுக்காக எடுத்த அத்தனை ஜாக்கிரதையும் வீண்தான். மோட்டாரும் 12 அல்லது 24 வோல்ட்டில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் குழந்தைகள் கை நனைக்கும் குளம் என்றால் அதில் பேரம் வேண்டாம். பழைய மோட்டாரையே வைத்திருப்பவர்கள், அதை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்கணும்.

வாங்கும்போது அட்டையில் இரண்டு விஷயம் பாருங்க. ஒன்று ஐ.பி எண். 65 என்றால் தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும், அவ்வளவுதான். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். எப்போதும் மூழ்கியே இருக்க 68 வேண்டும். இரண்டாவது, டைமண்ட் வடிவத்துக்குள் மூன்று கோடு போட்ட குறி. குறைந்த வோல்ட்டேஜில் மட்டும் இயங்கும் பொருள் என்று அர்த்தம்.

ஒயரிங்கில் என்ன கவனிக்கணும்?

230-ஐ 12 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர், குளத்திலிருந்து 2 மீட்டருக்கு மேல் தள்ளி, மழை படாத உயரத்தில் இருக்கட்டும். தண்ணீருக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது. இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்க. மண்ணுக்குள் போகும் ஒயரை பைப்புக்குள் விடணும். ஆறு மாதம் கழித்து மண்வெட்டி போடுகிறவருக்கு அது அங்கே இருப்பது தெரியாது.

12 வோல்ட்டில் ஒரு சின்ன தொல்லை உண்டு. ஒயர் மெலிசாக இருந்தால் கடைசி லைட் மங்கும். 12 வாட் லைட்டுக்கு ஒரு ஆம்பியர் வேண்டும், 0.5 சதுர மி.மீ. ஒயரில் 20 மீட்டர் தள்ளிப் போனால் சுமார் ஒன்றரை வோல்ட் வழியிலேயே காலி. 1.5 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டோடு தப்பிக்கலாம்.

கரண்ட் பில்லை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 3 வாட் எல்.இ.டி நாலு, தினமும் 3 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத பில்லில் கூடுவது 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

எங்கே வைத்தால் அழகு?

தண்ணீர் தெளிவாக இருந்தால் உள்ளே வைக்கலாம். நீங்கள் உட்காரும் பக்கத்துச் சுவரில் பொருத்தி, எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்புங்க, கண் கூசாது. பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் உள்ளே லைட் போட்டால் பச்சைப் புகை மாதிரிதான் தெரியும். அதற்கு வெளியே, செடிக்கோ பாறைக்கோ வெளிச்சம் அடிப்பது மேல். அதன் நிழல் தண்ணீரில் விழும்போது வரும் அழகே தனி. இளமஞ்சள் வெளிச்சம் வெள்ளையை விட இதமாக இருக்கும், பூச்சியும் குறைவாக வரும். கலர் மாறி மாறி மினுக்கும் லைட் எனக்குப் பிடிப்பதில்லை, அது அவரவர் இஷ்டம்.

ராத்திரி முழுக்க எரிய விடக் கூடாது. தங்கமீன், கோய் மீன்களுக்குக் கண் இமை கிடையாது. வெளிச்சத்திலிருந்து கண்ணை மூடிக்கொள்ள அவற்றால் முடியாது. பாசியும் கூடும். ஒரு டைமர் போட்டு ஒன்பது, பத்து மணிக்கு அணைத்துவிடுங்க. பாதி குளம் இருட்டாகவே இருக்கட்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால்?

இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்க. குளத்தில் ஒருவர் துடித்தால், இழுக்கப் பாய்ந்துவிடக் கூடாது. தண்ணீரில் கை வைத்தால் அடுத்தது நீங்கள்தான். முதலில் மெயினை அணைக்கணும். பிறகு வெளியே எடுத்து, 108-க்கு போன் செய்யணும். மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் வேகமாக, விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கணும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும், விபரம் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.