முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓடிய பாடம்

1992ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தால், மேசையின்மீது துணி போர்த்திய ஒரு பொருள் தெரியும். அதுதான் கணிப்பொறி. வாரம் ஒருநாள் அதைப் பற்றிய வகுப்பு நடக்கும். ஆனால் அந்த அறையில் அல்ல. கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். அந்தக் கணிப்பொறியின் ஒரு விசையைக்கூடத் தொடாமலே நான் அப்பள்ளியை விட்டு வெளியேறினேன்.

சென்ற மாதம் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது அந்த நோட்டு கைக்குக் கிடைத்தது. எடுத்துப் புரட்டிய என் மருமகன், "மாமா, இந்த புரோகிராமை ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டான். அவனும் இப்போது ஒன்பதாம் வகுப்புத்தான். "இல்லை" என்றேன். "இப்போது ஓட்டிப் பார்ப்போமா?" என்றான். அதிலிருந்து தொடங்கியது இந்த முயற்சி.

எங்கிருந்து வந்தது அந்தப் பொறி?

1984ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்த மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'கிளாஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகள். பின்னர் 2,500க்கும் மேற்பட்ட பள்ளிகள் இத்திட்டத்தில் சேர்ந்தன. இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது 'பிபிசி மைக்ரோ' என்னும் கணிப்பொறி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் நிறுவனம், பிபிசியின் கணிப்பொறிக் கல்வி நிகழ்ச்சிகளுக்காக 1981ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. நம் நாட்டிலும் மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் என்னும் அரசு நிறுவனம் இதனை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது.

அதன் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரையை இன்றைய யூனிகோட் முறையில் சேமித்தால், அதுவே அந்த நினைவகத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடும்! அத்தனை சிறிய இடத்திற்குள் ஒரு தலைமுறையே நிரல் எழுதக் கற்றுக்கொண்டது என்பதை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது.

பேரன் வீட்டில் பாட்டனார்

அந்தப் பழைய பொறியை இன்று எங்கே தேடுவது? தேட வேண்டியதில்லை. ஒரு பொறியைப் போலவே மற்றொரு பொறியை நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. எமுலேட்டர் என்பது அவற்றின் பெயர். பழைய பொறியின் மூளையாகிய 6502 என்ற சில்லு புரிந்துகொண்ட கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அது என்ன செய்திருக்குமோ அதையே இது புதிய பொறியில் செய்து காட்டும்; மொழி தெரியாதவருக்கு அருகிலிருந்து எடுத்துச் சொல்பவரைப் போல.

நாங்கள் இதற்குத் தேர்ந்தெடுத்தது ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணிப்பொறி. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரே பலகை. இதுவும் கேம்பிரிட்ஜில் பிறந்ததே. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, பிபிசி மைக்ரோவைப் போலவே இதற்கும் 'மாடல் ஏ', 'மாடல் பி' என்று பெயரிட்டார்கள். உறவு பெயரோடு நிற்கவில்லை. பிபிசி மைக்ரோவை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்டீவ் ஃபர்பர், சோஃபி வில்சன் ஆகிய இருவர். இவர்களே பின்னர் ஏகார்ன் நிறுவனத்தில் 'ஆர்ம்' என்ற சில்லையும் உருவாக்கினார்கள். 1985ஆம் ஆண்டில் அது முதன்முதலாக இயங்கியது. அந்தச் சில்லின் வழித்தோன்றலே இன்று ராஸ்பெரி பையிலும், நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியிலும் இயங்குகிறது. ஆக, பேரன் தன் வீட்டில் பாட்டனாரை அழைத்து உட்கார வைப்பது போன்ற செயல்தான் இது!

வேண்டியவையும் வேலையும்

வேண்டிய பொருள்கள் சிலவே: ராஸ்பெரி பை, 32 ஜிபி மெமரி கார்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் மின்வழங்கி, தொலைக்காட்சியோடு இணைக்க ஒரு மைக்ரோ எச்டிஎம்ஐ கம்பி, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ். வேறொரு கணிப்பொறியின் உதவியால் மெமரி கார்டில் ராஸ்பெரி பையின் இயங்குதளத்தை முதலில் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு இணைய இணைப்பின் வழியே எமுலேட்டரை இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் எடுத்துக்கொண்டது 'பி-எம்' என்ற இலவச மென்பொருள்.

எங்களுக்கு நேர்ந்த தடுமாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன், பிறருக்குப் பயன்படும். முதலில் சிக்கனம் கருதிப் பழைய கைபேசி சார்ஜரையே மாட்டினோம். திரையின் மூலையில் மின்னல் போன்ற ஒரு குறி அடிக்கடி தோன்றியது. மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. அடுத்து, எல்லாம் முடியும் தறுவாயில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றுவிட்டது. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பதிவுகள் பழுதாகிவிடக்கூடும். எங்களுக்கும் அதுவே நேர்ந்தது, முதலிலிருந்து தொடங்கினோம். ஆகவே சரியான மின்வழங்கியை வாங்குங்கள். வேலை முடிந்ததும் முறைப்படி நிறுத்திய பிறகே இணைப்பைப் பிடுங்குங்கள்.

இரண்டாம் நாள் மஃரிபுக்குப் பிறகு எமுலேட்டரை இயக்கினோம். முதலில் ஒரு தாழ்ந்த ஒலி, அடுத்து 'பீப்' என்று ஓர் உயர்ந்த ஒலி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்றும், அதன் கீழே 'பேசிக்' என்றும் வந்து நின்றது. படங்கள் இல்லை, பொத்தான்கள் இல்லை. "அடுத்து என்ன மாமா?" என்றான் மருமகன். நாம் எழுதினால்தான் அது ஏதேனும் செய்யும் என்பதே அவனுக்குப் புதுமையாக இருந்தது.

மேற்கோள் குறியைத் தேடி அரைமணி நேரம் போயிற்று. பழைய பொறியில் அது 2 என்ற எண்ணின் விசையில், ஷிஃப்டுடன் இருந்தது. நம் விசைப்பலகையில் அங்கே வேறு குறி இருக்கிறது. எமுலேட்டர் விசைகளை இடம் பார்த்துப் பொருத்துகிறதே தவிர, அச்சிட்ட குறியைப் பார்த்து அல்ல.

நோட்டிலிருந்த பிழை

பின்னர் நோட்டைத் திறந்து அவன் வாசிக்க நான் தட்டினேன். வாய்ப்பாடு சொல்லும் நான்கு வரி நிரல் அது. எண்ணைக் கேட்டு வாங்கும் 'இன்புட்' வரி, பத்துமுறை சுற்றும் 'ஃபார்' வரி, பெருக்கிக் காட்டும் 'பிரிண்ட்' வரி, 'நெக்ஸ்ட்' வரி. 'ரன்' என்று தட்டி, ஏழு என்று எண் கொடுத்தோம். வாய்ப்பாடு வரவில்லை. '30ஆம் வரியில் அப்படியொரு மாறி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது.

உற்றுப் பார்த்தோம். முதல் வரியில் ஆங்கில 'என்' எழுத்து. 30ஆம் வரியில் 'எம்' எழுத்து. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்து நான் தவறாக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'சரி' என்று குறி இருக்கிறது! ஆசிரியரைக் குறை சொல்லமாட்டேன். ஐம்பது நோட்டுகளைத் திருத்தும் கை அது. ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும் பிழை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் 'சரி'யாகவே பரணில் கிடந்திருக்கிறது. மதரசாவில் பிள்ளைகள் வாய்திறந்து ஓதிக்காட்டாமல் நாங்கள் பாடத்தை நகர்த்துவதில்லை. ஓதினால்தான் பிழை எங்கேயென்று ஓதுபவனுக்கும் தெரியும், உஸ்தாதுக்கும் தெரியும். கணிப்பொறிக்கும் அதுவே பொருந்தும் என்று அன்று உணர்ந்தேன். எழுத்தை மாற்றினோம். ஏழாம் வாய்ப்பாடு வரிசையாக வந்தது.

பூட்டிய பெட்டிகள்

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொகுத்த 'டூம்ஸ்டே' என்னும் நிலப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986ஆம் ஆண்டில் அதன் புதிய வடிவத்தை லேசர் தட்டுகளில் பிபிசி வெளியிட்டது. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் பங்குகொண்ட பணி அது. பிபிசி மைக்ரோ வரிசையைச் சேர்ந்த கணிப்பொறியில்தான் அதைப் படிக்க முடியும். ஆனால் பதினைந்தே ஆண்டுகளில் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. 900 ஆண்டுப் பழைய ஏடு படிக்கக் கிடைத்தது. அதன் புதிய வடிவமோ எட்டாமல் போகும் நிலை! 2002ஆம் ஆண்டில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஓர் எமுலேட்டரின் துணையாலேயே அதைத் திறந்து காட்டினார்கள்.

நம் வீடுகளிலும் இந்த நிலை உண்டு. 1990களில் தமிழுக்கு எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை இருந்தது. 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டிற்குப் பின் அரசு ஒரு தரத்தை வகுத்தது. 2010ஆம் ஆண்டில் யூனிகோடுக்கு மாறியது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சு செய்த மஹல்லாப் பதிவுகள், குடும்ப வரலாறுகள், மலர்களுக்கான கட்டுரைகள் எத்தனையோ ஃபிளாப்பிகளில் உறங்குகின்றன. ஃபிளாப்பியின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. முதலில் அவற்றைப் படியெடுங்கள். எழுத்துகள் புரியாவிட்டாலும் கவலை இல்லை. பிறகு எமுலேட்டர்களும் எழுத்துரு மாற்றிகளும் உதவும். தட்டு அழிந்துவிட்டால் எதுவும் உதவாது.

பெற்றோரிடம் இன்னொரு வேண்டுகோள். பிள்ளைகளின் கையில் கருவி கெட்டுவிடும் என்று அஞ்சிப் பூட்டிவைக்காதீர்கள். எங்கள் மெமரி கார்டும் கெட்டது, திரும்பப் பதிந்தோம். என் மருமகன் இப்போது அந்த நான்கு வரியைப் பதினாறாம் வாய்ப்பாடு வரை நீட்டியிருக்கிறான். அதில் ஒரு பிழை இருக்கிறது. எங்கேயென்று நான் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்து அவனே கண்டுகொள்வான்.