காதில் விழுவதும் காட்டிக் கொடுப்பதும்

புது தில்லி: மெட்ரோ ரயிலில் பயணம் செய்யும் தில்லித் தமிழர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சுற்றியிருப்போர் எவருக்கும் தமிழ் தெரியாது என்ற துணிவில், வீட்டுக் கடன் தொடங்கி மேலதிகாரியின் குணாதிசயம் வரை அனைத்தையும் செல்பேசியில் உரக்கப் பேசுவார்கள். இறங்கும் நேரத்தில் எதிர் இருக்கைக்காரர் "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்று தமிழில் சொல்லும்போதுதான் முகத்தில் அசடு வழியும். அவரும் சிரித்தபடி போய்விடுவார். கேட்டது அத்துடன் முடிந்தது.

எல்லா நேரமும் அவ்வாறு முடிவதில்லை.

2020 பிப்ரவரி 5-ம் தேதி இரவு, மும்பையில் வாடகைக் காரில் சென்ற ஜெய்ப்பூர் இளங்கவிஞர் ஒருவர், செல்பேசியில் நண்பருடன் பேசிக்கொண்டிருந்தார். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக தில்லி ஷாகீன் பாக்கில் அப்போது நடைபெற்று வந்த போராட்டம் பற்றிய பேச்சு அது. ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் காரை நிறுத்திய ஓட்டுநர், காவலர்களுடன் திரும்பி வந்தார். காவல் நிலையத்தில் கவிஞரிடம் விசாரணை நடந்தது, பின்னர் அனுப்பப்பட்டார். ஓட்டுநரை வாடகைக் கார் நிறுவனம் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தது. மும்பை பாரதிய ஜனதா கட்சித் தலைமையோ 'விழிப்புள்ள குடிமகன்' என்று அவருக்கு விருது வழங்கிப் பாராட்டியது.

மக்கள் பேசுவதை அறிய விரும்பாத அரசு எக்காலத்திலும் இருந்ததில்லை. ஊர்க் கூட்டங்களில் ஒற்றர்கள் தமக்குள் வாதிடுவதுபோல நடித்து, மன்னனைப் பற்றிய மக்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால், அது அரசு தன் பொறுப்பில் செய்யும் வேலை. பக்கத்து இருக்கைக்காரரே ஒற்றராகிவிட்டால் என்னவாகும் என்பதுதான் மும்பைச் சம்பவம் எழுப்பும் கேள்வி.

தொலைபேசியை ஒட்டுக் கேட்பதற்கேனும் வரம்பு உண்டு. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டம் அந்த அதிகாரத்தை அரசுக்கு வழங்கியிருந்தது. தொலைபேசி உரையாடலும் தனிமனித அந்தரங்கத்தின் பகுதியே என்று 1996-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலர் நிலையிலான உத்தரவு, மறுஆய்வுக் குழு எனக் கட்டுப்பாடுகளை விதித்தது. தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துள்ளது. இடைமறித்துக் கேட்கும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது.

காதுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை, விதிக்கவும் முடியாது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தமது அந்தரங்க உரிமையை இழந்துவிடுவதில்லை என்ற கருத்து, 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. எனினும், அந்த உரிமை பெரிதும் அரசுக்கு எதிரானது. சக பயணியின் காதை அது மூடாது.

ஆகவே, கேட்டதை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரயில் நிலையத்தில் ஒரு குழந்தையைக் கடத்திச் செல்லும் பேச்சு காதில் விழுந்தால், 1098 என்ற எண்ணை அழைப்பது கடமை. அங்கே மௌனம்தான் குற்றம். ஆனால், அரசை ஒருவர் குறை கூறுவது அவ்வகையைச் சேர்ந்ததன்று. வன்முறையைத் தூண்டாதவரை, எவ்வளவு கடுமையான விமர்சனமும் தேசத் துரோகம் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1962-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஓட்டுநருக்கு இது தெரியாமல் இருக்கலாம். காவல் துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும், விருது வழங்கியவர்களுக்கும்தான்.

தலைநகரின் பழைய தலைமுறை இதை நேரில் கண்டிருக்கிறது. எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் மணிக்கணக்கில் அமர்ந்து பேசிய கன்னாட் பிளேஸ் காபி ஹவுஸ், நெருக்கடி நிலையின்போது 1976-ல் இடிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, பொது இடங்களில் பக்கத்து மேஜைக்காரர் யாரோ என்ற அச்சம். மக்கள் குரலைத் தாழ்த்திக் கொண்டார்கள். ஆட்சியாளர்களின் காதுகளில் புகழுரை மட்டுமே விழுந்தது. 1977 மார்ச்சில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியே தோல்வியடைந்தார்.

பேசுபவரைக் காட்டிக் கொடுக்கும் சமூகத்தில் பேச்சு நின்றுவிடுவதில்லை. அரசின் காதுக்கு எட்டாத இடத்துக்கு அது போய்விடுகிறது. அதனால் முதலில் செவிடாவது அரசுதான்.