நிலைப்பொருள் அமைப்புகளும் ‘இயல்புநிலை’ என்னும் கருத்தும்

கணனியின் ஆளியை அழுத்தியதும் முதலில் இயங்கத் தொடங்குவது விண்டோஸோ லினக்ஸோ அன்று. தாய்ப்பலகையிற் பொருத்தப்பட்டுள்ள சிறு சில்லொன்றில் உறையும் நிலைப்பொருளேயாகும். யூஈஎஃப்ஐ என்னும் நியமம் அதன் இடத்தைப் பெற்று ஆண்டுகள் பலவாயினும், ‘பயோஸ்’ என்ற பழைய பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. முறைவழியாக்கிக்கு எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு வலு, நினைவகத்துக்கு எந்த மீடிறன் என்பவற்றின் எல்லைகளை வகுப்பது இந்நிலைப்பொருளே. இவற்றை வெறும் தொழினுட்ப விடயங்கள் எனப் புறமொதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. அவ்வாறு ஒதுக்குதற்கில்லை என்பதை 2022 தொடக்கம் 2024 வரையான காலத்து விவகாரமொன்று தெளிவாகக் காட்டுகின்றது.

முதலில் அடிப்படையை நோக்குவோம். முறைவழியாக்கியின் இயக்க வலு, மீடிறனுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் விகிதசமமானது. மீடிறன் மாறாதிருக்க, மின்னழுத்தத்தை மாத்திரம் 10 வீதத்தாற் கூட்டினால் வலுநுகர்வு 21 வீதத்தால் உயரும். ஆனால், மீடிறனை உயர்த்துவதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியுள்ளது. எனவே இறுதியாகப் பெறப்படும் சில வீத வேகத்துக்குச் செலுத்தும் விலை, முன்னர் பெற்ற வேகத்துக்குச் செலுத்தியதிலும் பன்மடங்கு அதிகம். அவ்விலை வெப்பமாகவும் சுற்றுகளின் விரைவான முதுமையாகவும் வெளிப்படும்.

2022 ஒக்ரோபரில் இன்ரெல் வெளியிட்ட கோர் ஐ9-13900கே முறைவழியாக்கிக்கு அடிப்படை வலு 125 வாற்று; உச்ச வலு 253 வாற்று. ஆயினும் பல தாய்ப்பலகைகளில் தொழிற்சாலையிலேயே இவ்வெல்லை 4096 வாற்று எனப் பதியப்பட்டிருந்தது. அதாவது எல்லையே இல்லை. மின்னோட்ட எல்லையும் சில பாதுகாப்பு ஏற்பாடுகளும் அவ்வாறே தளர்த்தப்பட்டிருந்தன. இதனை ஓரிரு பொறியியலாளரின் கவனயீனமாகக் கொள்வது தவறு. ஒரே சில்லுத்தொகுதியைப் பயன்படுத்தும் கம்பனிகளின் பலகைகளிடையே பயன்பாட்டுப் பெறுமதியில் வேறுபாடு மிகச் சிறிது. சந்தையில் தம் பண்டத்தை வேறுபடுத்திக் காட்ட அவற்றுக்குக் கிடைத்தது ஒப்பீட்டுச் சோதனைகளில் வரும் இரண்டு மூன்று வீத முன்னிலையே. ஒரு கம்பனி எல்லையைத் தளர்த்தியதும் ஏனையவையும் பின்தொடரவேண்டியதாயிற்று. ‘இயல்புநிலை’ எனப் பயனாளருக்கு வழங்கப்பட்டது பொறியியலின் தீர்ப்பன்று, போட்டியின் விளைவு.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. விளையாட்டு மென்பொருள்கள் இடையில் முறிந்தன. ‘வரைவியல் நினைவகம் போதாது’ என்ற பொய்யான வழுச்செய்தி தோன்றியதாற் பலர் குற்றமற்ற வரைவியல் அட்டையைச் சந்தேகித்தனர். 2024 ஏப்ரிலில் இன்ரெல் தாய்ப்பலகை உற்பத்தியாளரைச் சுட்டிக்காட்டியது. ஆனால் அதே ஆண்டு யூலையில், தனது நுண்குறிமுறையே தவறான மின்னழுத்தத்தைக் கோரியமையை அதுவே ஏற்கவேண்டியதாயிற்று. ஓகஸ்ட்டில் வந்த 0x129 திருத்தம் 1.55 வோல்ற்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைத் தடுத்தது. செப்ரெம்பரில் 0x12B அதனைத் தொடர்ந்தது. உத்தரவாதக் காலம் மேலும் இரண்டு ஆண்டுகள் நீடிக்கப்பட்டது. எனினும், ஏற்கெனவே சிதைந்த சில்லினை எத்திருத்தமும் மீட்காது என்பது மனங்கொள்ளத்தக்கது. பழியை இருதரப்பாரும் பகிர்ந்துகொண்டனர். மாதக்கணக்கில் முறிவுகளைத் தாங்கியவர் வாங்கியவரே. இது இன்ரெலுக்கு மாத்திரம் உரியதுமன்று: 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையிற் சில சில்லுகள் கருகியபின், எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ற்றுக்கு மட்டுப்படுத்தப்பட்டது.

ஆகவே இம்முறைவழியாக்கிகளை வைத்திருப்போர் முதலில் நிலைப்பொருளைப் புதுப்பித்து, ‘இன்ரெல் இயல்புநிலை அமைப்பு’ என்பதைத் தெரிந்து, வலு எல்லை 253 வாற்றாக உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். எக்ஸ்எம்பி என்னும் நினைவக அமைப்பும், உற்பத்தியாளரே தருவதாயினும், உத்தியோகபூர்வ மீடிறனைக் கடந்ததாகவே பெரும்பாலும் அமையும். வழுக்கள் தோன்றின் முதலில் நிறுத்திப் பார்க்கவேண்டியது அதுவே. ஒரு தடவையில் ஓர் அமைப்பை மாத்திரம் மாற்றி, மாற்றியதைக் குறித்துவைத்து, மெம்ரெஸ்ற்86 போன்ற சோதனையைச் சில மணிநேரம் ஓடவிடல் நன்று. கணனி தொடங்கவே மறுப்பின், மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து, பலகையிலுள்ள சீமொஸ் நினைவகத்தை அழித்தால் தொழிற்சாலை அமைப்பு மீளும். அவ்வமைப்பில் வலு எல்லை எவ்வளவு என்பதையும் மறுபடி பார்த்தல் வேண்டும்.